கொஞ்சம் டார்க் என்றால் எவ்வளவு? ஒரு திருப்பூர் மெர்ச்சண்டைசரின் மெயில்கள்: நிகழ்வு ஆய்வு

"பல்க் ஃபேப்ரிக் ஈஸ் டார்க்கர் தேன் அப்ரூவ்ட் லேப் டிப். யுவர் ஓல்ட் பிரிண்ட் வாஸ் மோர் பெட்டர்."

அந்த மாணவி என்னிடம் முதலில் காட்டிய மெயிலில் இருந்தது இந்த இரண்டு வரிதான். துணி வாங்கும் லண்டன் கம்பெனியின் ஆளுக்கு, அதாவது பையருக்கு, அனுப்பியது. மறுநாள் வந்த பதிலில் மூன்றே சொல்: "நோட்டட். ப்ளீஸ் கரெக்ட்." அதுவரை ஒவ்வொரு மெயிலிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வார விடுமுறை எப்படிப் போனது என்று விசாரித்து எழுதிய பையர் அவர். "என்ன தப்பா எழுதிட்டேன்னே தெரியலைங்க சார். உள்ளதைத்தானுங்க சொன்னேன்" என்றார் மாணவி.

உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். துணி டார்க்காகத்தான் வந்திருந்தது. பிரிண்ட் விஷயத்திலும் அவர் கருத்து சரி என்றே எனக்குப் பட்டது.

நான் திருப்பூரில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனி ஆட்கள்: பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர்கள், தரம் பார்க்கும் க்யூசி, டாகுமெண்டேஷன் பார்ப்பவர்கள். இந்த மாணவிக்கு 24 வயது. பள்ளிப்படிப்பு தமிழ் வழியில், பிறகு ஃபேஷன் டெக்னாலஜி. ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மூன்று ஆண்டு வேலை. அவருடைய சம்மதத்தோடு, ஆளும் கம்பெனியும் அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன். எட்டு மாதத்தில் அவர் எழுதிய மெயில்களைத் தொடர்ந்து பார்த்தேன். ஒப்பிட்டுப் பேசும்போது நம் ஆட்கள் ஆங்கிலத்தில் எங்கே வழுக்குகிறார்கள் என்பது அவற்றில் துலக்கமாகத் தெரிந்தது.

மெர்ச்சண்டைசர் வேலையே ஒப்பிடுவதுதான். லேப் டிப்போடு பல்க்கை, பையரின் ஒரிஜினலோடு நம் சாம்பிளை, ஸ்பெக் ஷீட்டோடு அளவை, போன சீசன் விலையோடு இந்த சீசன் விலையை. லேப் டிப் என்பது சாயம் போட்ட சின்னத் துணித்துண்டு. ஒரு கலருக்கு ஏ, பி, சி என்று இரண்டு மூன்று துண்டு அனுப்புவார்கள். பையர் ஒன்றை டிக் அடித்து அனுப்பினால் அதுதான் சட்டம். அதற்குப் பிறகு சாயப்பட்டறையிலிருந்து மொத்தமாக வரும் துணியின், அதாவது பல்க்கின், ஒவ்வொரு ரோலையும் அந்தத் துண்டோடு லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்ப்பார்கள். டி65 விளக்கு பகல் வெளிச்சத்துக்கு. டிஎல்84 ஐரோப்பியக் கடைகளின் விளக்கு வெளிச்சத்துக்கு. துணியைப் பார்த்துவிட்டு, இதைவிட அது டார்க்கா, லைட்டா, ரெட்டிஷா என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஒரு நாளில் இவர் எழுதும் ஒப்பீடுகளை எண்ணிப் பார்த்தோம். முப்பதைத் தாண்டியது.

அதே விஷயத்தை முதலாளிக்கு போனில் எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "சார், ஷேட் கொஞ்சம் டார்க்கா வந்திருக்குதுங்க" என்று சொன்னாராம். இந்தச் சின்ன வாக்கியத்தில் மூன்று மெத்தை இருக்கிறது. முதலில் "கொஞ்சம்". அடுத்து "வந்திருக்குது": யாரும் கெடுக்கவில்லை, அதுவாக வந்துவிட்டது. கடைசியில் "ங்க". கொங்கு நாட்டில் "ங்க" போடாத வாக்கியம் பெரியவர்களிடம் வாயில் வராது. ஆமாங்க, இல்லைங்க, சரிங்க, ஏனுங்க. மரியாதையின் பெரும் பாரத்தை அந்த ஒட்டுதான் தூக்குகிறது.

மெயில் எழுத உட்காரும்போது முதலில் விழுவது அந்த "ங்க". ஆங்கில வினையில் அதை ஒட்ட இடமே கிடையாது. "வந்திருக்குது" என்பது "ஈஸ்" ஆகிவிடுகிறது. மிச்சம் இருப்பது "கொஞ்சம்" ஒன்றுதான். அதையும் இவரே எடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "கிராமர்ல அது கிடையாதுங்களே சார்" என்றார்.

இந்தப் பதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. நம் பள்ளியில் "டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்" என்று ஒரு பாடம் உண்டு. படித்த யாருக்கும் மறக்காது. நோ அதர், வெரி ஃபியூ, ஒன் ஆஃப் தி என்று சூத்திரம் போட்டு ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகத் திருப்பி எழுதுவோம். முழு மதிப்பெண்ணும் வாங்குவோம். எவ்வளவு உயரம், எவ்வளவு டார்க் என்ற கேள்வி மட்டும் அந்தப் பாடத்தில் வராது. ஆங்கிலேயர் அன்றாடம் ஒப்பிட்டுப் பேசும்போது அந்த "எவ்வளவு" அநேகமாகக் கூடவே வரும். ஸ்லைட்லி, எ பிட், எ லிட்டில், சம்வாட், ரேதர், கன்சிடரப்ளி, மச், ஃபார். இவற்றில் ஒன்று இல்லாமல் "டார்க்கர்" மட்டும் தனியாக நின்றால், கெட்ட செய்தியாக இருக்கும் பட்சத்தில், அது தீர்ப்பு மாதிரி விழுகிறது.

ஒப்பீட்டுக்கு நம் இலக்கண உரைகளில் வரும் பழைய எடுத்துக்காட்டு, "காக்கையிற் கரிது களாம்பழம்". காக்கையைவிடக் களாம்பழம் கருப்பு. யோசித்தால் அதுவும் ஒரு ஷேட் கமெண்ட்தான். அதிலும் எவ்வளவு கருப்பு என்ற கணக்கு இல்லை. தமிழில் கணக்கு வேண்டுமானால் "சற்றே", "கொஞ்சம்", "ரொம்ப" என்று முன்னால் வைத்துக்கொள்ளலாம். வினைமுடிவும் குரலும் பணிவைப் பார்த்துக்கொள்வதால், வைக்காவிட்டாலும் பேச்சு முரடாகாது. ஆங்கிலத்தில் அந்த வேலையில் பாதியைச் செய்வது இந்தச் சின்னச் சொற்கள்.

சரி, முதல் இரண்டு மாதம் இந்தச் சொற்களைப் பழக்கினேன். அங்கேயும் தமிழ் குறுக்கே வந்தது. "அதைவிட இது ரொம்பப் பெரிசு" என்று நாம் சரியாகத்தான் சொல்கிறோம். அதையே வைத்து "வெரி பிக்கர்", "வெரி பெட்டர்" என்று எழுதினால் தப்பு. "வெரி" ஒப்பீட்டுச் சொல்லின் முன்னால் நிற்காது, அந்த இடம் "மச்", "ஃபார்" இரண்டுக்கும் உரியது. "ஃபேர்லி"யும் அப்படித்தான், "ஃபேர்லி குட்" உண்டு, "ஃபேர்லி பெட்டர்" கிடையாது. "குவைட் பெட்டர்" என்றால் உடம்பு தேறிவிட்டது என்ற ஓர் இடத்தில்தான் வரும். "மோர் பெட்டர்" எழுத்தில் எங்கேயும் எடுபடாது. "பெட்டர்" என்பதற்குள்ளேயே "மோர்" இருக்கிறது.

"எ பிட்" இன்னும் சுவையான சொல். தமிழில் "துணி கொஞ்சம் நல்லா இருக்கு" என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் "எ பிட் குட்" என்றால் காதுக்கு ஒட்டவே ஒட்டாது. வெறும் பண்புச்சொல்லுக்கு முன்னால் அது பெரும்பாலும் குறை சொல்லத்தான் வரும்: எ பிட் கோல்ட், எ பிட் எக்ஸ்பென்சிவ், எ பிட் டல். ஒப்பீட்டுச் சொல் வந்துவிட்டால் அந்தத் தடை போய்விடும். "எ பிட் பெட்டர்", "எ பிட் ஒர்ஸ்" இரண்டும் சரி. இதை மாணவி ஒரே வகுப்பில் பிடித்துக்கொண்டார். "அப்ப எ பிட் குறை சொல்ற சொல்லுங்களா சார்?" என்று கேட்டார். முக்கால்வாசி ஆமாம் என்றேன்.

இன்னொரு வழியும் காட்டினேன். "ஹார்டர் தேன்" என்று குறையைப் பெயர் சொல்லி அழைப்பதற்குப் பதிலாக, "நாட் குவைட் அஸ் சாஃப்ட் அஸ்" என்று நல்லதன் பக்கமிருந்து சொல்வது. கைக்கு முரடாக இருக்கிறது என்பதை "அந்த அளவுக்கு மெத்துனு இல்லைங்க" என்று நாம் சொல்வதில்லையா, அதுதான். இது இவருக்கு உடனே பிடித்துப்போனது. தமிழில் தினமும் செய்வதுதானே.

மெயில்கள் மாறின. பையரும் பழையபடி பெயர் சொல்லி எழுத ஆரம்பித்தார். எனக்கும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில் நான் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. இவர் மெயிலில் எல்லாமே "ஸ்லைட்லி" ஆகியிருந்தது. டெலிவரி நான்கு நாள் தள்ளினால் ஸ்லைட்லி லேட்டர். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) கேட்ட துணி 176 வந்தால் ஸ்லைட்லி லோயர், 168 வந்தாலும் ஸ்லைட்லி லோயர். ஜிஎஸ்எம்மில் கூடக்குறைய ஐந்து சதவீதம் வரை பொதுவாக ஒத்துக்கொள்வார்கள். 180க்கு 171 வரை. ஆக 176 உள்ளே, 168 வெளியே. உள்ளேயும் வெளியேயும் ஒரே சொல்.

பாராட்டும் ஸ்லைட்லி ஆனது. பையர் புது ஆர்ட்வொர்க் ஒன்றைக் கஷ்டப்பட்டு மாற்றி அனுப்பியிருந்தார். இவருக்கு அது நிஜமாகவே பிடித்திருந்தது. பணிவாகச் சொல்வதாக நினைத்து "தி நியூ ஆர்ட்வொர்க் ஈஸ் ஸ்லைட்லி பெட்டர்" என்று எழுதினார். படிப்பவருக்கு அது "ஏதோ தேவலாம்" என்றுதான் கேட்கும். கெட்ட செய்தியை மெத்தை போட்டு இறக்கலாம். பாராட்டுக்கு மெத்தை போட்டால் பாராட்டே அமுங்கிவிடும். அங்கே "மச் பெட்டர்" என்று மனம் விட்டு எழுத வேண்டும்.

அப்புறம் வந்தது அந்த நேவி புளூ.

ஐந்தாவது மாதம். டீ ஷர்ட் ஆர்டர். சாயப்பட்டறையிலிருந்து வந்த முதல் லாட்டை நிறம் அளக்கும் மெஷினில் வைத்தபோது டெல்டா ஈ 2.3 காட்டியிருக்கிறது. டெல்டா ஈ என்பது இரண்டு நிறத்துக்கும் உள்ள தூரம். பல பையர்கள் வைக்கும் எல்லை 1. அதற்குள் இருந்தால் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. 2.3 என்றால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரியும். ரோல் வந்து கிடக்கிறது, கட்டிங் டேபிள் காலியாக இருக்கிறது, கப்பல் தேதி நெருங்குகிறது. இவர் எழுதினார்: "தி பல்க் ஈஸ் ஸ்லைட்லி டார்க்கர் தேன் தி அப்ரூவ்ட் லேப் டிப். ஹோப் திஸ் ஈஸ் ஓகே." துணித்துண்டை, அதாவது ஸ்வாட்சை, கொரியரில் போட்டார்.

பையர் அன்றே பதில் போட்டார். ஸ்லைட்லி மட்டும்தான் என்றால் கட்டிங் ஆரம்பியுங்கள், ஸ்வாட்ச் வந்ததும் பார்த்துக்கொள்கிறேன் என்று. கட்டிங் ஆரம்பித்தது. ஸ்வாட்ச் போய்ச் சேர்ந்த நாளில் வந்த மெயில் ஒரே வரி: "திஸ் ஈஸ் நாட் ஸ்லைட்லி." அதற்குள் வெட்டி முடித்த துணியைத் திரும்ப ஒட்ட முடியுமா? கடைசியில் விலையைக் குறைத்துக்கொடுத்து அந்த லாட்டை ஏற்றினார்கள். பணத்தைவிட இவரை வாட்டியது வேறு. "நான் பொய் சொன்ன மாதிரி ஆயிருச்சுங்க சார்."

பொய் சொல்லும் எண்ணம் இவருக்கு இல்லை. இதில் பாதிப் பிழை என்னுடையது. "ஸ்லைட்லி" என்றால் பணிவு என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். அது ஓர் அளவும்கூட என்பதை அழுத்திச் சொல்லவில்லை. தமிழில் "கொஞ்சம்" என்ற சொல் அளவை எப்போதோ இறக்கி வைத்துவிட்டது. "கொஞ்சம் வழி விடுங்க" என்றால் எத்தனை அடி என்று யாரும் கேட்பதில்லை. "கொஞ்சம் இங்க வாங்க" என்றால் பாதி தூரம் வந்து நிற்பதில்லை. நமக்கு அது வேண்டுகோளின் ஒலி. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் "ஸ்லைட்லி" போட்டால், எதிரே இருப்பவர் அதை அளவாக எடுத்துக்கொண்டு கத்தரியைக் கையில் எடுக்கச் சொல்கிறார்.

ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குள்ளேயே எல்லாரும் ஒரே அளவில் பேசுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் அமெரிக்கர்களோடு பேசும்போது அது பெரிதாக இடிக்கும். 1951 ஏப்ரலில் கொரியாவில் இம்ஜின் ஆற்றங்கரையில், சீனப் படை வெள்ளமாக இறங்கியபோது, பிரிட்டிஷ் பிரிகேடியர் பிராடி தன் மேலதிகாரியான அமெரிக்க ஜெனரல் சோலிடம் நிலைமையை "எ பிட் ஸ்டிக்கி" என்று சொன்னதாகப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். பிரிட்டிஷ் காதுக்கு அது "கழுத்துக்கு மேல் போய்விட்டது" என்று பொருள். அமெரிக்கர் "கொஞ்சம் சிக்கல், சமாளித்துக்கொள்வார்கள்" என்று எடுத்துக்கொண்டாராம். குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு குன்றின் மேல் சுற்றிவளைக்கப்பட்டது. 500க்கும் மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள். தோல்விக்கு அந்த ஒரு சொல்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், போரில் ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவி சட்டென்று நோட்டை மூடிவிட்டு, பையரின் பழைய மெயில்களை போனில் தேட ஆரம்பித்தார்.

தேடியது கிடைத்தது. சாம்பிளின் அளவும் பொருத்தமும் பற்றி இரண்டு மாதம் முன்பு வந்த ஃபிட் கமெண்ட்: "தி நெக் ஈஸ் எ பிட் ஒய்டர் தேன் வீ'ட் லைக்." இவர் அதைப் பேட்டர்ன் மாஸ்டரிடம், "மாஸ்டர், கழுத்து லேசா அகலம்னு சொல்றாங்க, பரவாயில்லைங்க" என்று கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். மாஸ்டரும் தொடவில்லை. அடுத்த சாம்பிளும் அதே கழுத்தோடு போய், "அஸ் மென்ஷன்ட் பிரீவியஸ்லி" என்று ஆரம்பிக்கும் மெயில் வந்திருக்கிறது. "வீ'ட் லைக்" என்று பையர் எழுதினால் அது உத்தரவு. "எ பிட்" அந்த உத்தரவுக்குப் போட்ட மெத்தை. ஆகப் பையர் எழுதும்போது மெத்தையாக இருந்ததை இவர் அளவாகப் படித்தார். இவர் மெத்தையாக எழுதியதைப் பையர் அளவாகப் படித்தார். இரண்டு பக்கமும் ஒரே வகைச் சொல்தான்.

எப்படிப் பிரித்தறிவது? எங்களுக்குக் கிடைத்த வழி எளிது. ஒப்பீட்டின் மறுபக்கத்தில் நிற்பது என்ன என்று பார்ப்பது. "தேன் தி அப்ரூவ்ட் சாம்பிள்", "தேன் தி ஸ்பெக்" என்று ஒரு பொருளோ எண்ணோ நின்றால் அது அளவு. அங்கே ஸ்லைட்லி என்றால் ஸ்லைட்லிதான். "தேன் வீ'ட் லைக்", "தேன் வீ ஹோப்டு", "தேன் எக்ஸ்பெக்டட்" என்று ஆளின் விருப்பம் நின்றால் அது மெத்தை. மெத்தையைத் தூக்கிவிட்டு அடியில் இருப்பதைப் படிக்க வேண்டும். இந்தப் பையரின் மெயில்களில் இது பொருந்திவந்தது. எல்லாருக்கும் பொருந்தும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

எழுதுவதற்கு இவரே ஓர் அட்டை செய்தார். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன நேவி லேப் டிப் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார். பழைய சுடிதார் அட்டைப்பெட்டியைக் கத்தரித்து, நடுவில் அப்ரூவ் ஆன துண்டை ஒட்டினார். வலதுபக்கமாக ஒவ்வொன்றாக டார்க் ஏறும் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் கீழே மெஷின் காட்டிய எண், அதற்கும் கீழே எங்கள் சொல். 0.6 காட்டிய துண்டின் கீழே "மார்ஜினலி". 1.1 காட்டிய துண்டின் கீழே "ஸ்லைட்லி". 2.3, அதாவது அந்த நேவி லாட்டின் துண்டு, அதன் கீழே "நோட்டிசப்ளி". 4ஐத் தொட்ட ஒரு துண்டின் கீழே "மச்". இது எந்த ஸ்டாண்டர்டிலும் இல்லாத, எங்கள் வகுப்புக் கணக்கு. துணி வாசனையும் ஃபெவிகால் வாசனையும் சேர்ந்து வீசும் அந்த அட்டையைவிட நல்ல ஆங்கிலப் பாடப்பொருள் என் வகுப்பில் இதுவரை வந்ததில்லை.

"நோட்டிசப்ளி" என்ற சொல்லைப் பற்றி ஒரு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது அதுதான். பார்த்தாலே தெரிகிறது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறது. முகத்தில் அடிப்பதும் இல்லை. "ரேதர்" அந்த இடத்துக்கு வருமா என்று யோசித்தோம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் "ரேதர் டார்க்கர்" சரியான வழக்குதான், ஆனால் குறைபட்டுக்கொள்ளும் தொனி அதில் எளிதாக ஏறும், அளவும் பிடிபடாது. "சம்வாட்" எழுத்துக்கு நன்றாக இருக்கிறது, இதன் எல்லையும் மங்கல். இரண்டையும் அட்டையில் ஏற்றவில்லை.

மெயிலின் பணிவை என்ன செய்வது? அதை ஸ்லைட்லியின் தலையிலிருந்து இறக்கி வேறு இடத்துக்கு மாற்றினோம். இப்போது இவர் எழுதுவது இப்படி: "ஐ'ம் அஃப்ரெய்ட் தி ஃபர்ஸ்ட் லாட் ஹேஸ் கம் அவுட் நோட்டிசப்ளி டார்க்கர் தேன் தி அப்ரூவ்ட் லேப் டிப், டெல்டா ஈ 2.3. வீ ஹேவ் நாட் ஸ்டார்டட் கட்டிங்." "ஐ'ம் அஃப்ரெய்ட்" என்பது நம் "ங்க" செய்யும் வேலையைச் செய்கிறது. "ஹேஸ் கம் அவுட்" அப்படியே "வந்திருக்குது". ஒப்பீட்டுக்கு முன்னால் நிற்கும் சொல் இப்போது அளவை மட்டும் சொல்கிறது. போனில் முதலாளியிடம் சொன்ன அந்தத் தமிழ் வாக்கியத்தின் மூன்று மெத்தையில் இரண்டு மெயிலுக்குள் வந்துவிட்டது. மூன்றாவது மெத்தையின் இடத்தில் எண் நிற்கிறது.

அட்டை இப்போது இவர் மேசை டிராயரில் இருக்கிறது. போன வாரம் சாயப்பட்டறையிலிருந்து சூப்பர்வைசர் போன் செய்து, "ஏனுங்க, மெரூன் கொஞ்சம் டார்க்கா வந்திருக்குதுங்க, அனுப்பிரட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவர் டிராயரைத் திறந்தபடியே, "கொஞ்சம்னா எவ்வளவுங்கண்ணா, பக்கத்துல வெச்சாத்தான் தெரியுதா, தூரத்துல இருந்தே தெரியுதா?" என்று கேட்டாராம். அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை.

"தூரத்துல இருந்தே தெரியுதுங்க."

"அப்ப அனுப்ப வேண்டாங்கண்ணா. மெஷின்ல வெச்சு நம்பர் மட்டும் சொல்லுங்க, பையருக்கு நான் எழுதிக்கிறேன்."